ஒன்பது அடி ஓடியும் பூக்காத லோகன்பெர்ரி: எவ்வளவு இடம் விடுவது, எதை வெட்டுவது?

கேள்வி: ஐயா, தேன்கனிக்கோட்டை பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றி 3 சென்ட் தோட்டம் இருக்கிறது. போன ஆடியில் லோகன்பெர்ரி என்று சொல்லி நர்சரியில் கொடுத்த இரண்டு செடிகளைக் கல்தூண் வேலியோரம் 4 அடி இடைவெளியில் வைத்தேன். மார்கழிக்குள் ஒவ்வொரு தண்டும் 9 அடி ஓடிவிட்டது. புதராகிப் போனதால் தை மாதம் மல்பெரிக்கு வெட்டுவதுபோல இடுப்பளவுக்குக் கவாத்து செய்தேன். இப்போது ஆவணியில் அடியிலிருந்து ஏழெட்டு புதுத்தண்டுகள் வந்திருக்கின்றன. இதுவரை பூ ஒன்றுகூட இல்லை. கொழுந்து இலைகள் வேறு மஞ்சளாகின்றன. இந்தச் செடி எவ்வளவுதான் பெரிதாகும்?

பதில்: ஒரு செடிக்கு 8 முதல் 10 அடி அகலம், 5 முதல் 6 அடி உயரம், 2 அடி கனம் கொண்ட பச்சைச் சுவர் ஒன்றைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்டு 9 அடி ஓடியது அளவு மீறிய வளர்ச்சி இல்லை, அதன் இயல்பே அதுதான். தானாக நிமிர்ந்து நிற்கிற செடி கிடையாது. கம்பியில் கட்டாவிட்டால் வளைந்து தரையில் படரும். நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு அங்கே இன்னொரு செடியாகிவிடும். 4 அடி இடைவெளியில் இரண்டு வைத்ததால்தான் உங்களுக்குப் புதராகத் தெரிந்தது.

பூ வராததற்கு முதல் காரணம் தை மாதக் கத்தரி. மல்பெரியை வெட்டினால் புதுத்தளிரோடு காயும் சேர்ந்து வரும். பட்டுக்கூடு வளர்க்கும் நம் பக்கத்தில் அந்தக் கை பழகிவிட்டது. பெயரில் ‘பெர்ரி’ இருந்தாலும் லோகன்பெர்ரி வேறு குடும்பம், ரோஜா குடும்பத்துச் செடி. அடிக்கட்டை பல ஆண்டு உயிரோடிருக்கும், ஆனால் ஒவ்வொரு தண்டுக்கும் ஆயுள் இரண்டு ஆண்டுதான். முதல் ஆண்டில் தண்டு நீளமாக ஓடி இலை மட்டும் விடும். இரண்டாம் ஆண்டில் அதே தண்டின் கணுக்களிலிருந்து ஓரடி, ஒன்றரை அடிப் பக்கக்கிளைகள் வெடித்து, அவற்றின் நுனியில் பூத்துக் காய்க்கும். காய்த்து முடிந்ததும் அந்தத் தண்டு காய்ந்துவிடும். போன ஆண்டுத் தண்டுகளை இடுப்பளவுக்கு வெட்டியபோது, இந்த ஆண்டு பூத்திருக்க வேண்டிய கணுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குப்பைக்குப் போய்விட்டது.

இரண்டாவது காரணம் நம் ஊர்க் குளிர் போதாதது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸில், 1880களில், ஜேம்ஸ் ஹார்வி லோகன் என்ற நீதிபதியின் தோட்டத்தில் பிளாக்பெர்ரியும் ராஸ்பெர்ரியும் கலந்து உருவான செடி இது. இரண்டு பெற்றோருமே குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி எழுகிறவை. 7 டிகிரிக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரம் கிடைத்தால்தான் கணுக்கள் ஒரே சீராக வெடிக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருந்தும் மார்கழி இரவில்கூட 7 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். தருமபுரி நகரம் அதில் பாதி உயரம்தான், அங்கே இதை வைக்கவே நான் சொல்லமாட்டேன். குளிர் போதாத இடத்தில் தண்டின் நுனிக்கணு இரண்டு மூன்று மட்டும் வெடிக்கும். மற்றவை தூங்கிக்கொண்டே இருக்கும், பூ அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். ஊட்டி, கொடைக்கானல் படங்களைப் பார்த்து விளைச்சல் கணக்குப் போடாதீர்கள்.

செலவு செய்வதற்கு முன்னால் வைத்திருப்பது லோகன்பெர்ரிதானா என்று பாருங்கள். தண்டின்மேல் விபூதி பூசியதுபோல வெளிர்சாம்பல் பூச்சும், கொக்கிபோல் வளைந்த முள்ளும், ஒரு காம்பில் ஐந்து முதல் ஒன்பது சிற்றிலைகளும், இலையின் அடியில் பளிச்சென்ற வெள்ளையும் இருந்தால் அது மைசூர் ராஸ்பெர்ரி. நம் மலைகளிலேயே காடாக விளைவது. வெப்பத்தைத் தாங்கும், அதிகக் குளிரும் கேட்காது. அப்படி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். லோகன்பெர்ரியில் சிற்றிலை மூன்று அல்லது ஐந்து, முள் சிறியது, முள்ளில்லாத ரகமும் உண்டு. பழம் வந்தால் சந்தேகமே இருக்காது. மைசூர் ராஸ்பெர்ரி பழுத்துக் கறுக்கும், பறித்தால் உள்ளே குல்லாபோல் வெற்றிடம் இருக்கும். லோகன்பெர்ரி கருஞ்சிவப்பாகப் பழுக்கும், நடுத்தண்டு பழத்தோடேயே வந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. தை மாதம் வெட்டிய பழைய குச்சிகளை இனி வைத்திருந்து பயனில்லை, தரையை ஒட்டி வெட்டி எடுங்கள். புதுத்தண்டுகளில் செடிக்கு ஆறு மட்டும் விட்டு, மெலிந்ததை அடியோடு நீக்குங்கள். விட்ட ஆறின் நுனியைக் கிள்ளவே கூடாது. கல்தூண்களில் 2, 3, 4, 5 அடி உயரத்தில் நான்கு வரி 12 கேஜ் ஜிஐ கம்பி இழுங்கள். இந்த ஆண்டுத் தண்டுகள் எல்லாவற்றையும் செடிக்கு வலப்பக்கம் மட்டும் சாய்த்து, கம்பிகளுக்கிடையே ஏறி இறங்கும்படி வளைத்துக் கட்டுங்கள். நெட்டுக்குத்தாக விட்டால் நுனி மட்டும்தான் வெடிக்கும், படுக்கவைத்தால் நடுக்கணுக்களும் விழிக்கும். இடப்பக்கம் காலியாகவே இருக்கட்டும், அடுத்த ஆண்டு வரும் தண்டுகளுக்கு அது. இப்படிப் பிரித்து வைத்தால் எதை வெட்டுவது என்ற குழப்பமே வராது. காய்த்து முடிந்த பக்கம் முழுவதையும் வெட்டினால் போதும்.

இடைவெளியைச் சரிசெய்ய இரண்டாவது செடியைப் பிடுங்கி நடாதீர்கள், மேல்வேர் அறுந்து ஓராண்டு வளர்ச்சி போய்விடும். அதன் நீளமான தண்டு ஒன்றின் நுனியை முதல் செடியிலிருந்து 9 அடி தள்ளி 4 அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல் வையுங்கள். புரட்டாசி, ஐப்பசி மழையில் வேர்விடும். தை மாதம் தாய்ச்செடிப் பக்கம் ஓரடி விட்டுத் தண்டை அறுத்தால் புதுச்செடி தயார். பிறகு பழைய இரண்டாவது செடியை அடிக்கட்டையோடு எடுத்துவிடலாம். முள்ளில்லாத ரகமாக இருந்தால் வேர்ப்பக்கக் கன்றை எடுத்து நடாதீர்கள், பழைய ரகங்களில் அது முள்செடியாகத் திரும்பிவிடும். நுனிப்பதியம்தான் சரி.

மஞ்சள் இலைக்கு வருவோம். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாததால் அல்ல (செம்மண்ணில் அதற்கா பஞ்சம்?), போர் தண்ணீரின் உப்பு அதைச் செடிக்குக் கிடைக்கவிடாமல் பிடித்துவைக்கிறது. சொட்டுநீர்க் குழாய் வாயில் வெள்ளை படிகிறதா பாருங்கள். படிந்தால், லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலைமேல் தெளியுங்கள், 10 நாள் கழித்து இன்னொரு முறை. கூரை மழைநீரைப் பிடித்து ஊற்ற முடிந்தால் அதைவிட மருந்து வேறில்லை. அடியிலைகள் மஞ்சளானால் பெரும்பாலும் நீர் தேங்குகிறது என்று அர்த்தம்.

வேர் பெரும்பாலும் மேல் ஓரடிக்குள்தான் ஓடும், அதனால் அடியில் கொத்தாதீர்கள். களை வராமல் ராகித் தாளை 3 அங்குல கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டின் அடியை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடம் விட்டு. புரட்டாசியில் செடிக்கு 2 கிலோ மண்புழு உரமும் 250 கிராம் வேப்பம்புண்ணாக்கும் போதும். யூரியா வேண்டாம், தண்டு இன்னும் 3 அடி ஓடும், அவ்வளவுதான் லாபம்.

குளிர்க் குறையை ஓரளவு ஏமாற்ற ஒரு வழி உண்டு. கார்த்திகைக் கடைசியிலிருந்து தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், மார்கழியில் மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டும். தை முதல் வாரம் தண்டில் இருக்கும் இலைகளைக் கையால் உருவிவிட்டு, மறுநாள் செடிக்கு 15 லிட்டர் ஊற்றி, வழக்கமான பாசனத்துக்குத் திரும்புங்கள். மெக்சிகோவின் பிளாக்பெர்ரித் தோட்டங்களில் இலையை உதிர்த்துத்தான் பூக்கவைக்கிறார்கள். அங்கே மருந்தடித்து, வளர்ச்சி ஊக்கியும் தெளிக்கிறார்கள். கையால் உருவுவது அதன் வீட்டு வடிவம், பாதிக் கணுக்கள் விழித்தாலே பெரிய காரியம். பூத்தால் மாசி, பங்குனியில் பூக்கும். தன்மகரந்தம் ஏற்கும் செடி என்பதால் ஒரே செடி இருந்தாலும் காய்க்கும். அப்போது தினமும் 8 முதல் 10 லிட்டர் தண்ணீரும், மேற்குவெயிலுக்கு 35 சதவீத நிழல்வலையும் வேண்டும், இல்லையென்றால் பழம் வெந்து வெளுக்கும். வெயிலில் செம்பேன் வந்தால் இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். புகையிலைக் கஷாயம் பக்கமே போகாதீர்கள், காற்றில் பக்கத்துத் தோட்டக்காரரின் மல்பெரிக்குப் போனால் அவர் பட்டுப்புழு செத்துவிடும்.

சித்திரை முடியும்வரை பொறுங்கள். இவ்வளவு செய்தும் தண்டுக்கு நாலைந்து பூங்கிளைகூட வராவிட்டால் அந்த 9 அடி வேலியை மைசூர் ராஸ்பெர்ரிக்கோ ஒரு மல்பெரிக்கோ கொடுத்துவிடுங்கள். அகற்றும்போது வெட்டிய தண்டுகளை ஈரமண்மேல் குவிக்காமல் பாறைமேலோ சிமெண்ட் தரையிலோ போட்டுக் காயவையுங்கள். பச்சை நுனி மண்ணில் பட்டால் அங்கேயும் வேர்விடப் பார்க்கும்.