கொரியக் காதலரின் குடும்பத்தோடு சுசொக் பண்டிகை: காலையில் போய் மாலையில் திரும்பினால் போதுமா?

போதாது. முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். சுசொக் கொரியர்களின் அறுவடைப் பண்டிகை. அன்று முன்னோருக்கு வைக்கும் படையல் காலையிலேயே முடிந்துவிடும். அந்த வீட்டு மனிதர்கள் உங்களோடு மனம்விட்டுப் பேசப்போவது அதற்கு முந்தின நாள், எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி உட்காரும்போதுதான்.

எனக்கு நிச்சயமானவரின் சொந்த ஊர் ஆன்டோங். சியோலிலிருந்து ரயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம். கன்பூசிய மரபு இன்னும் ஊறிப்போயிருக்கும் ஊர். அதனாலேயே போகும்வரை எனக்கு உள்ளூர உதறல். வருங்கால மாமியார் வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், ஒரு ஏப்ரனைக் கட்டிவிட்டார். அதோடு பாதிப் பயம் போய்விட்டது.

கூடத்தில் செய்தித்தாள் விரித்து, கரண்டில் சூடாகும் பெரிய சதுரக் கல்லை நடுவில் வைத்திருந்தார்கள். படையலுக்கான 'ஜொன்' என்ற எண்ணெய்ப் பலகாரம் அதில்தான் வேகும். இளம் பூசணி வில்லை, மீன் துண்டு எதுவானாலும் உப்புத் தூவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்துப் போட வேண்டும். எனக்குக் கிடைத்தது மைதா வேலை. ஒவ்வொரு வில்லையையும் உள்ளங்கையில் தட்டி, அதிகப்படி மாவை உதிர்த்துக் காட்டினார் மாமியார். மாவு தடித்தால் முட்டை தனியே கழன்று வந்துவிடுமாம். ஆன்டோங் பக்கத்தில் சீன முட்டைக்கோஸின் முழு இலையையும் மாவில் தோய்த்துச் சுடுகிறார்கள். தடித்த தண்டைக் கத்தியின் பின்புறத்தால் தட்டித் தட்டையாக்கிய பிறகே கல்லில் விழும். சாப்பிட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில் விழுவது கொரியாவில் பழைய பிரச்சினை. பண்டிகை முடிந்து பெண்கள் உடம்பும் மனசும் சோர்ந்துபோவதற்கு அங்கே தனிப்பெயரே இருக்கிறது. கன்பூசியச் சடங்குகளுக்குத் தலைமை இடமான சொங்யுன்குவான், படையலுக்கு 9 வகை போதும், எண்ணெய்ப் பலகாரம் கட்டாயமில்லை என்று 2022இல் வெளிப்படையாகவே அறிவித்தது. ஆகவே உங்களவரும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். என்னவர் பூசணி நறுக்கினார், பாத்திரம் முழுவதையும் கழுவினார். அவர் அம்மாவுக்கும் அது சந்தோஷமாகவே இருந்தது.

மாலையில் 'சொங்பியொன்' பிடிப்போம். அரிசி மாவைச் சுடுநீர் விட்டுப் பிசைந்து, எள்ளும் சர்க்கரையும் உள்ளே வைத்து மூடும் அரைநிலா வடிவப் பலகாரம். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. பைன் ஊசியிலைகளைப் பரப்பி அதன்மேல் வேகவைப்பதால், மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் மலைக்காட்டு வாசம். அழகாகப் பிடிப்பவளுக்கு அழகான மகள் பிறப்பாள் என்று சொல்வார்கள். உங்களிடமும் கட்டாயம் சொல்வார்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலைச் சடங்குக்குப் பெயர் 'சாரே'. முன்னோரின் பெயர் எழுதிய தாளை ஒட்டி, ஊதுபத்தி ஏற்றி, மதுவை வார்த்து, இரண்டு முறை தரையில் விழுந்து வணங்குவார்கள். இன்னும் கல்யாணம் ஆகாதவரை இதில் நிற்கவைக்காத வீடுகளே அதிகம். கூப்பிட்டால் நில்லுங்கள், இல்லாவிட்டால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். என்னைப் பின்வரிசையில் நிற்கவைத்தார்கள். உங்கள் ஊரில் முன்னோருக்கு என்ன செய்வீர்கள் என்று மாமனார் பிறகு கேட்டார். தை அமாவாசைக்கு அப்பா தாத்தாவின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே எழுந்து போய், தன் தகப்பனாரின் பழைய போட்டோவை எடுத்து வந்து காட்டினார். மொழி தட்டுத்தடுமாறினாலும் அன்றைக்கு நாங்கள் இருவரும் பேசியதுதான் மிக நீளமான பேச்சு.

சைவமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூப்பில் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும். கீரை, ஃபெர்ன் தண்டு, பெல்ஃப்ளவர் வேர் மூன்றையும் தனித்தனியே வதக்கி வைப்பார்கள். சோற்றில் பிசைந்து சாப்பிடலாம். படையல் உணவில் பூண்டும் மிளகாயும் சேர்ப்பதில்லை என்பதால் நம் நாக்குக்குச் சப்பென்றுதான் இருக்கும். பெரியவர் ஸ்பூனை எடுத்த பிறகு தொடங்குங்கள், மது ஊற்றினால் இரண்டு கையாலும் வாங்குங்கள்.

பரிசாகக் கொரியப் பேரிக்காய்ப் பெட்டி நல்ல தேர்வு, படையலிலும் வைப்பார்கள். 2026இல் சுசொக் செப்டம்பர் 25 அன்று வருகிறது. பண்டிகைக்கால ரயில் டிக்கெட்டுகளைச் சில வாரங்கள் முன்பே தனியாக விற்பார்கள், கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். அந்த விற்பனைத் தேதியை உங்களவரிடம் இப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள்.