போர்க்கால ஆட்டங்கள் ஏன் கணக்கில் இல்லை?

கேள்வி: என் கணவரின் பாட்டனார் இங்கிலாந்தில் தொழில்முறைக் கால்பந்து ஆடியவர். 1937 முதல் ஒரு லீக் கிளப்பில் இருந்தார். போரின்போது ராணுவத்திலும் பணியாற்றினார். நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார் என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். லீக் பதிவிலோ 14 தான் இருக்கிறது. விடுபட்டவற்றுக்கு அதிகாரபூர்வச் சான்றிதழும், அவருடைய போர்ப் பதக்கங்களும் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஆட்டங்கள் தவறுதலாக விடுபட்டவை அல்ல, தெரிந்தே சேர்க்கப்படாதவை. ஆகவே எந்தச் சான்றிதழும் அவற்றைக் கணக்கில் ஏற்றிவிடாது.

1939 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய லீக், செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்ததும் நின்றுபோனது. பெரும்பாலான கிளப்புகள் மூன்று ஆட்டங்களே ஆடியிருந்தன. மறுபடி லீக் தொடங்கியது 1946 ஆகஸ்ட் 31 அன்றுதான். இடைப்பட்ட ஆண்டுகளில் வட்டார அளவில் போட்டிகள் நடந்தன. ராணுவத்தில் சேர்ந்த ஆட்டக்காரர்கள், தங்கள் முகாமுக்கு அருகிலிருந்த கிளப்புக்கு விருந்தாளியாக ஆடினார்கள். இவை எவையும் லீக் கணக்கில் வரா. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸ் போர்க்காலத்திலும் அதை ஒட்டியும் இங்கிலாந்துக்கு ஆடிய 29 ஆட்டங்கள், அவருடைய அதிகாரபூர்வமான 54 சர்வதேச ஆட்டங்களில் சேரவில்லை. 1940-இலேயே பிரஸ்டன் கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்த டாம் ஃபின்னி, எகிப்திலும் இத்தாலியிலும் ராணுவப் பணி முடித்துத் திரும்பி, முதல் லீக் ஆட்டம் ஆடியபோது வயது 24. ஆகவே தங்கள் குடும்பம் சொல்வதும் பதிவு சொல்வதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம்.

1939 ஆகஸ்டில் நடந்த ஆட்டங்கள் புள்ளிகளுக்காக, கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தப்பட்டவை. அவற்றை ஒரே வரியில் ரத்து செய்துவிட்டு, 1946-இல் அதே ஆட்ட அட்டவணையை எடுத்துப் புதிதுபோல் தொடங்கியவர்களின் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு விதிவிலக்கைத் தாங்கள் அவசியம் பார்க்க வேண்டும். 1945-46 பருவத்தில் லீக் இல்லை, ஆனால் எஃப்.ஏ. கோப்பை (தோற்றவர் வெளியேறும், லீக்கிலிருந்து தனியான போட்டி) நடந்தது, அது முழுக்க அதிகாரபூர்வமானது. அந்த ஒரு பருவத்தில் மட்டும், முதல் சுற்றிலிருந்து கால் இறுதி வரை ஒவ்வொரு சுற்றும் இரண்டு ஆட்டங்களாக நடந்து, இரண்டின் கோல்களையும் கூட்டி வெற்றி முடிவானது. மூன்றாம் சுற்றின் ஓர் ஆட்டத்தில் ஃபுல்ஹாம் கிளப்பிடம் தோற்ற சார்ல்டன் கிளப் இறுதிவரை சென்றது இந்த ஏற்பாட்டினால்தான். பாட்டனார் அப்போது கிளப்புக்குத் திரும்பியிருந்தால், லீக் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அந்த ஆட்டங்கள் படா. கோப்பைப் பட்டியலைத் தனியே பார்க்க வேண்டும்.

மற்ற ஆட்டங்களுக்கு உள்ளூர்ச் செய்தித்தாள்களும் ஆட்ட நிகழ்ச்சித்தாள்களுமே சாட்சி. காகிதத் தட்டுப்பாட்டால் ஒற்றைத் தாளாகச் சுருங்கிய அந்த நிகழ்ச்சித்தாளில், அச்சிட்ட பெயரைப் பென்சிலால் அடித்து மேலே வேறொரு பெயரை எழுதியிருப்பதை அடிக்கடி காணலாம். கடைசி நேரத்தில் வந்து இறங்கியவர்தான் ஆடியிருப்பார். 'ஏ. என். அதர்' என்று அச்சாகியிருந்தால் அது ஆளின் பெயர் அல்ல. யார் ஆடுவார் என்று முடிவாகாத இடம். மறுநாள் செய்தித்தாளோடு ஒப்பிடாமல் எதையும் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

ராணுவப் பணிப் பதிவுக்கும் தரகர் தேவையில்லை. பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்த கோப்புகள் 2022 முதல் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. விண்ணப்பத்தைக் குடும்பத்தினரே அனுப்பலாம். தரகர் அனுப்பினாலும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். இறந்து பல பத்தாண்டுகள் ஆனவருக்கும் இறப்புச் சான்று கேட்டு, அதன்பிறகு காத்திருக்க வைக்கும் நடைமுறைதான் இத்தகைய தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

பதக்கத்தில்தான் பெரிய ஏமாற்று. இரண்டாம் உலகப் போருக்கான பிரிட்டிஷ் பதக்கங்கள் பெறுபவரின் பெயர் பொறிக்கப்படாமலேயே வழங்கப்பட்டன. சந்தையில் வாங்கிய எந்தப் பதக்கத்தையும் எந்தப் பாட்டனாருடையதாகவும் காட்டிவிடலாம். பெயர் பொறித்த ஒன்றைக் கொண்டுவந்தால், அதைப் பொறித்தது யார், எப்போது என்று கேளுங்கள். பாட்டனாரின் ராணுவ ஊதியப் புத்தகம் வீட்டில் இருந்தால், அதிலுள்ள எண் விண்ணப்பத்துக்கு உதவும். அதைப் படமெடுத்து அந்த மனிதருக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள், அடுத்த மாதமே அந்த எண் பொறித்த பதக்கம் ஒன்று தங்களிடமே விலைக்கு வரும்.