பிடிவாதமா, வியாபாரமா?

அன்புள்ள ஐயா,

1879-இல் எடிசன் மின்விளக்கை எரியவிட்டுக் காட்டிய பிறகும் லண்டனின் எரிவாயு நிறுவனங்கள் பல்லாண்டுகள் வாயு விளக்குகளையே நம்பியிருந்தன என்று எழுதியிருந்தீர்கள். அது வெறும் பிடிவாதம்தானே? கல்லூரிப் பேச்சுப்போட்டிக்காகக் கேட்கிறேன். இரண்டு வரியில் பதில் போதும். எந்த நூலை வாசிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

நூலகத்துக்குப் போனால் நூல் கிடைக்கும். இரண்டு வரியில் பதில் கேட்பவருக்கு நான் பொதுவாக எழுதுவதில்லை. சில நாட்களாக இதே விளக்கைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதால் எழுதுகிறேன். தோற்றவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டால் கைதட்டு கிடைக்கும், தம்பி. ஆனால் 1880-களில் அவர்கள் தோற்கவே இல்லை. நிலத்தடியில் குழாய்கள் பதிந்திருந்தன, மின்சாரமோ விலை கூடியதாக இருந்தது.

வாயுச் சுடர் அதுவரை மஞ்சளாக எரிந்ததற்குக் காரணம் அதற்குள் சூடேறி மினுங்கிய கரித்துகள்கள். வியன்னாவைச் சேர்ந்த கார்ல் அவுவர் என்ற வேதியியலாளர், சுடரே ஒளிர வேண்டியதில்லை, அது சூடாக்கினால் போதும், ஒளிர்வதற்கு வேறொன்றை அதன்மேல் மாட்டலாம் என்று எண்ணினார். 1885-இல் அவர் காப்புரிமை பெற்ற முதல் மேண்டில், அதாவது உலோக உப்புகளில் ஊறவைத்த துணி வலை, பச்சை பூத்த ஒளியைத் தந்தது, எளிதில் உடைந்தது, விலைபோகவில்லை. 1891-இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடுமாகக் கலவையை மாற்றிய பிறகுதான், அதே அளவு வாயுவில் பல மடங்கு வெளிச்சம் கிடைத்தது. மின்விளக்கு வந்து 12 ஆண்டுகள் கழித்து வாயு விளக்குக்கு வந்த வாலிபம் இது.

அந்த வலையை நான் பார்த்தது பெட்ரோமாக்ஸில். அதில் எரிந்தது மண்ணெண்ணெய் ஆவி என்றாலும் மேண்டில் அதே வகைதான். ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா புது மேண்டிலை நூலால் கட்டிக் கொளுத்தினார். குழந்தையின் காலுறை போலத் தொங்கிய துணி கருகிச் சுருங்கி, நூல் போன இடமெல்லாம் ஆக்சைடு மட்டும் வெள்ளையாக, பின்னலின் கண்கள்கூடக் கலையாமல் நின்றது. விளக்கு ஏற்றுவதற்குமுன் நான் ஒரு விரலால் தொட்டேன், பொடிப்பொடியாக உதிர்ந்தது. தலையில் விழுந்த குட்டு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தத் தோரியத்துக்கான மோனசைட் மணலை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கரையில் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சியில் அதை அள்ளத் தொடங்கியது மேண்டிலுக்காகத்தான். அணு உலை என்ற சொல்லே அப்போது கிடையாது.

பிடிவாதம் என்றீர்களே, அவுவரை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்? வாயு விளக்கைத் தூக்கி நிறுத்திய அவரே 1898-இல் மின்விளக்குக்கு ஆஸ்மியம் இழையைச் செய்தார். ஆஸ்ரம் என்ற மின்விளக்கு நிறுவனப் பெயரின் முதல் பாதி அந்த உலோகத்திலிருந்து வந்ததுதான். போட்டி மேடையில் எடிசனுக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் போதும், மீதி நேரத்தை இவருக்குக் கொடுங்கள்.