வார்த்தை எல்லாம் தெரிகிறது, விடை மட்டும் ஏன் தவறுகிறது?

கேள்வி: நான் 11ஆம் வகுப்பு மாணவி. ஆங்கிலத் தேர்வில் உரைப்பகுதியைப் படித்து விடை எழுதும் பகுதிதான் என் காலை வாருகிறது. மூன்று மாதமாகத் தினமும் இரண்டு உரைப்பகுதிகள் பயிற்சி செய்கிறேன். 10 கேள்விக்கு 5 அல்லது 6 சரியாக வருகிறது, அதற்கு மேல் ஏறவே இல்லை. படிக்கும்போது வார்த்தைகள் எல்லாம் தெரிந்தவையாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் விடை தவறிவிடுகிறது. நேரமும் போதவில்லை. நான் செய்து திருத்திய இரண்டு தாள்களை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: அன்பு மகளுக்கு,

தாள்களையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. கடிதம் மட்டும் வந்திருந்தால், "நிறையப் படி, அகராதியைப் பார்" என்று எல்லாரும் சொல்வதையே நானும் சொல்லியிருப்பேன். உன் முதல் தாளின் மூன்றாவது கேள்வியைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கேள்விக்கு உரிய வாக்கியத்தை இன்னொரு முறை சேர்ந்து படிப்போம், வா.

"தி அசம்ப்ஷன், லாங் ஹெல்ட் பை டீச்சர்ஸ் அண்ட் பேரண்ட்ஸ் அலைக், தட் டீனேஜர்ஸ் ஹூ ஸ்லீப் லேட் ஆர் லேஸி ஹாஸ் ஃபியூ டிஃபெண்டர்ஸ் டுடே."

நீ சொன்னது சரிதான், இதில் உனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. இந்த எண்ணத்தின் இன்றைய நிலை என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "இன்றும் சிலர் ஆதரிக்கிறார்கள்" என்ற விடையைக் குறித்திருக்கிறாய். விடைக்குறிப்போ "ஏறக்குறைய எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள்" என்கிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். அந்தக் குறிக்குப் பக்கத்தில் ஏன் தவறு என்று ஒரு வரியாவது எழுதியிருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு ஆதங்கம். உன் மூன்று மாத உழைப்பும் கசிந்துபோன இடம் அதுதான்.

அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று இடங்களில் நீ வழுக்கியிருக்கிறாய். முதலாவது "ஃபியூ". "எ ஃபியூ" என்றால் சிலர் இருக்கிறார்கள் என்று பொருள். முன்னால் இருக்கும் அந்த ஓரெழுத்து போய்விட்டால் அர்த்தம் திரும்பிவிடும்: பேருக்குக்கூட ஆள் இல்லை என்பது போன்ற தொனி வந்துவிடும். சிலர் ஆதரிக்கிறார்கள் என்று எழுதியவர் சொல்ல நினைத்திருந்தால் "எ ஃபியூ" என்றுதான் எழுதியிருப்பார். "லிட்டில்", "எ லிட்டில்" இரண்டுக்கும் இதே வேறுபாடுதான்.

இரண்டாவது "ஸ்லீப் லேட்". ஓரத்தில் பென்சிலால் "இரவு தாமதமாகத் தூங்குபவர்" என்று எழுதி வைத்திருக்கிறாய். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் அதற்குக் காலையில் நேரம் கழித்து எழுவது என்று பொருள். இரவில் தாமதமாகப் படுப்பதை "கோ டு பெட் லேட்" என்பார்கள்.

மூன்றாவதுதான் பெரியது. தமிழ் பேசும் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். "நேற்று வந்த பையன்" என்று சொல்கிறோம். நம் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும். விவரமெல்லாம் வந்து முடிந்த பிறகு பெயர் வரும். வினைமுற்று கடைசியில் வந்து வாக்கியத்தை மூடும். ஆங்கிலம் பெயரை முதலில் நிறுத்திவிட்டு, விவரத்தைப் பின்னால் வால்போல் நீட்டும். வால் முடிந்த பிறகே பயனிலை வரும். உன் வாக்கியத்தில் எழுவாய் "அசம்ப்ஷன்", பயனிலை "ஹாஸ்". இரண்டுக்கும் நடுவில் 14 வார்த்தைகள். அந்தப் பதினான்குக்குள்ளேயே "ஆர் லேஸி" என்று ஒரு முழு வாக்கியம்போல் ஏதோ முடிந்துவிடுவதால், மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. பிறகு வரும் "ஹாஸ்" யாருடையது என்று தெரியாமல் கண் அதைத் தாண்டி ஓடுகிறது.

எனவே நீளமான வாக்கியம் வந்தால் முதல் வேலை, பயனிலையைத் தேடிப் பிடிப்பது. பிடித்துவிட்டால், "யார்? எது?" என்று கேட்டு எழுவாய்க்குத் திரும்பிப் போ. இரண்டையும் சேர்த்து ஐந்தாறு தமிழ் வார்த்தைகளில் சொல்லிப் பார்: "அந்த எண்ணத்துக்கு இன்று ஆதரவில்லை." எலும்புக்கூடு கைக்கு வந்த பிறகு சதையை வைத்துக்கொள்ளலாம். எந்த எண்ணம்? காலையில் நேரம் கழித்து எழும் பதின்வயதுப் பிள்ளைகள் சோம்பேறிகள் என்ற எண்ணம். யாருடையது? ஆசிரியர்கள், பெற்றோர் இரு சாராரும் நெடுங்காலமாக வைத்திருந்தது. இப்படி ஒரு நாளைக்கு நான்கு வாக்கியம் பிரித்துப் பார். ஒரு மாதம் போனால் பிரிக்காமலே கண் அதைச் செய்யும்.

தமிழில் யோசித்தால் ஆங்கிலம் வராது என்று உன்னிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். வாக்கியம் புரிந்ததா என்று சோதிக்கத் தாய்மொழியைவிட நேர்மையான கருவி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கில வரியை ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொன்னால் புரியாமலே ஒப்பித்துவிட முடியும். தமிழில் சொல்ல முயன்றால் புரியாத இடம் உடனே அகப்பட்டுக்கொள்ளும்.

"தெரிந்த வார்த்தை" என்பதையும் கொஞ்சம் சந்தேகப்படு. "அட்ரஸ்" என்றால் முகவரி. "அட்ரஸ் தி ப்ராப்ளம்" என்று வந்தால் பிரச்சினையைக் கையில் எடுத்துத் தீர்க்க முற்படுவது. "ஹார்ட்" தெரியும் என்பதால் "ஹார்ட்லி" என்பதைக் கடினமாக என்று படிக்கிறோம். அதற்கு "ஏறக்குறைய இல்லை" என்று பொருள். அருஞ்சொல் பட்டியலில் இவை இருக்காது, எளிய சொற்கள் ஆயிற்றே. தேர்வில் ஆளைக் கவிழ்ப்பவை இவைதான். இப்படி ஒன்று அகப்பட்டால் தனி வார்த்தையாக எழுதி வைக்காதே. அது வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, கீழே உன் தமிழில் பொருள் எழுது.

அருஞ்சொல் பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பார். மொழிக் கல்வி ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நாவல், செய்தித்தாள் போன்றவற்றை யார் உதவியும் இல்லாமல் படிக்க ஏறக்குறைய 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேர்ச்சொல்லையும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களையும் சேர்த்து ஒரு குடும்பம் என்கிறார். அந்த அளவு தெரிந்தால் 100 வார்த்தைக்கு 98 தெரிந்தவையாக இருக்கும். எட்டாயிரத்தைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து எட்டுவது அரிது. படித்த பக்கங்களில் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டுத்தான் அவை மனத்தில் தங்குகின்றன. தேர்வுத் தாளைத் தவிர வேறு எந்த ஆங்கிலமும் படிப்பதாக உன் கடிதத்தில் இல்லை. அதுதான் எனக்குக் கவலை. தினமும் 20 நிமிடம், மதிப்பெண்ணுக்குத் தொடர்பே இல்லாமல், உனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை ஆங்கிலத்தில் படி. விண்வெளி, விளையாட்டு, துப்பறியும் கதை, எதுவானாலும் சரி. பக்கத்துக்கு நான்கைந்து வார்த்தைக்கு மேல் தெரியாவிட்டால் அந்தப் புத்தகத்தை ஆறு மாதம் கழித்துப் படித்துக்கொள்ளலாம். இப்போதைக்கு இன்னும் எளிதான ஒன்றை எடு. எளிதானதைப் படிப்பதில் வெட்கம் வேண்டாம்.

இதனால் இன்னொரு லாபமும் உண்டு. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 பள்ளி மாணவர்களை ஒரு பேஸ்பால் ஆட்ட வர்ணனையைப் படிக்கச் செய்தார்கள். படித்ததை மரப்பொம்மைகளை நகர்த்தி நடத்திக் காட்டவும், சொந்தச் சொற்களில் சொல்லவும் வைத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், ஆனால் பேஸ்பால் தெரியாதவர்கள் ஒரு பக்கம். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் அந்த ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர்கள் மறுபக்கம். இந்த இரண்டாவது கூட்டம்தான் மிக நன்றாகச் செய்தது. விஷயம் தெரிந்திருந்தால் வாக்கியத்தின் இடைவெளிகளை மனம் தானே நிரப்பிக்கொள்ளும். தேர்வில் என்ன தலைப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. நான்கு துறைகளைப் பற்றி, தமிழிலாவது, கொஞ்சம் கொஞ்சம் படித்து வைத்திருக்கும் பிள்ளைக்கு முழுக்க அந்நியமான தலைப்பு வருவது அரிது.

ஆனால் விடை குறிக்கும்போது மட்டும் அந்த அறிவை ஓரமாக வைத்துவிட வேண்டும். உன் முதல் தாளின் ஐந்தாவது கேள்வியில் இதைத்தான் தவறவிட்டாய். தூக்கம் குறைந்தால் நினைவாற்றல் குறையும் என்ற விடையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். உலகத்தில் அது உண்மைதான், அந்த உரைப்பகுதியில் அது இல்லை. உய்த்துணரச் சொல்லும் கேள்வியானாலும், நீ குறிக்கும் விடைக்கு ஆதாரமான வரியின்மேல் விரல் வைக்க முடிய வேண்டும். வைக்க முடியாவிட்டால் அந்த விடை உன்னுடையதே தவிர, எழுதியவருடையது அல்ல. தவறான விடைகளைத் தயாரிப்பவர்களுக்குப் பழகிய வழிகள் சில உண்டு: உரைப்பகுதியின் வார்த்தைகளை அப்படியே எடுத்துப் பொருளை மாற்றிவிடுவது, முதல் பாதி சரியாகவும் மறுபாதி தவறாகவும் எழுதுவது, "சம்டைம்ஸ்" இருந்த இடத்தில் "ஆல்வேஸ்" போடுவது. சரியான விடை பெரும்பாலும் உரைப்பகுதியின் வார்த்தைகளைத் தவிர்த்து, அதே கருத்தை வேறு சொற்களில் சொல்லும். கண்ணுக்குப் பழக்கமான வார்த்தை தெரிந்ததும் கை அங்கே ஓடுகிறதே, அந்த இடத்தில் ஒரு கணம் நில்.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆங்கிலத்தில் கதையல்லாத உரையை மௌனமாகப் படிக்கும் வேகம், பெரியவர்களுக்குச் சராசரியாக நிமிடத்துக்கு 238 வார்த்தை என்று உளவியல் ஆய்வாளர் மார்க் பிரிஸ்பெர்ட் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். அதில் பாதி வேகத்தில் படித்தாலும் 400 வார்த்தைப் பகுதிக்கு நான்கு நிமிடத்துக்குள் போதும். உன் நேரம் படிப்பதில் போகவில்லை. அரைகுறையாகப் படித்துவிட்டு ஒவ்வொரு கேள்விக்கும் முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்குகிறாயே, அதில் போகிறது. முதல் தடவையே நிதானமாகப் படி. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஓரத்தில் மூன்று வார்த்தையில் அது எதைப் பற்றியது என்று எழுது. எந்தக் கேள்விக்கு எந்தப் பத்திக்குப் போக வேண்டும் என்று அது காட்டிவிடும். கேள்விகளை முதலில் படிப்பதா, உரைப்பகுதியை முதலில் படிப்பதா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கேள்விகளை மட்டும் ஒரு பார்வை பார். கீழே இருக்கும் விடைகளைப் பார்க்காதே. தவறான மூன்று கருத்துகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு படிக்கத் தொடங்குவது வீண் சுமை.

இனி, தினம் இரண்டு என்ற கணக்கை விட்டுவிடு. வாரத்துக்கு மூன்று உரைப்பகுதி போதும். படித்ததும் தாளை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஐந்து வரி எழுது. தமிழில் எழுதினாலும் சரி. திரும்பப் படித்தவர்களைவிட, மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள். பிறகு விடை எழுது. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றை எழுது: ஆதாரமான வரி எது, நான் அதை எப்படிப் படித்தேன், எந்த வார்த்தை என்னை ஏமாற்றியது. நான்கு வாரம் கழித்து அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால், உன் தவறுகள் நூறு வகை இல்லை, நான்கைந்து வகைதான் என்பது உனக்கே தெரியும்.

தொடங்குவதற்கு உன் இரண்டாவது தாளின் நான்காவது கேள்வியை எடுத்துக்கொள். விடைக்குறிப்பே தவறு என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாய். விடைக்குறிப்பு சரிதான். ஏழாவது வரியின் நடுவில் "அன்லெஸ்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதற்குப் பிறகு வருவதை மட்டும் தமிழில் எழுதிப் பார். எழுதியதை எனக்கு அனுப்பு, அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.