சீமைக்கருவேலம் குடிக்கும் நீரைச் செயற்கைக்கோளில் அளக்கலாமா?

கேள்வி: புழல் ஏரிக்கரைச் சீமைக்கருவேலம் மே மாதத்திலும் பச்சையாகவே நிற்கிறது. இலவசச் செயற்கைக்கோள் படத்தை வைத்து அது எவ்வளவு நீர் இழக்கிறது என்று கணக்கிட முடியுமா?
– வாசகர், மாதவரம்

பதில்: ஓரளவு முடியும். செண்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படம், ஒளியின் ஒவ்வொரு அலைநீளப் பகுதிக்கும் ஒரு பட்டையாக வரும். அதில் 8-ஆம் பட்டையிலிருந்து (அண்மை அகச்சிவப்பு) 4-ஆம் பட்டையை (சிவப்பு) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்.டி.வி.ஐ. (பசுமையின் அளவைக் காட்டும் குறியீட்டெண்) வரும். 2022 ஜனவரி கடைசிக்குப் பின் செயலாக்கப்பட்ட படம் என்றால் முதலில் ஒவ்வொரு பட்டையின் எண்ணிலிருந்தும் 1000 கழிக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். கழிக்காவிட்டால் 0.75 வரவேண்டிய மரம் 0.5 காட்டும், நன்றாக இருக்கும் மரம் காய்ந்துவிட்டதாக நினைப்பீர்கள். படம் தரும் சில இணையதளங்கள் தாங்களே கழித்துத் தருகின்றன. இரண்டாம் முறை கழித்துவிடாதீர்கள்.

என்.டி.வி.ஐ.யை 1.44-ஆல் பெருக்கி 0.1 கழித்தால் ஒரு குணகம் கிடைக்கும். அதை அன்றைய குறிப்பு நீரிழப்பால் (நன்றாக நீர் பாய்ச்சிய குட்டைப் புல்வெளி இழக்கும் அளவு) பெருக்குங்கள். என்.டி.வி.ஐ. 0.6, குறிப்பு நீரிழப்பு 6 மி.மீ. என்று வைத்தால் விடை 4.6 மி.மீ. ஒரு கிரவுண்டுக்கு (2,400 சதுர அடி) நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,020 லிட்டர். குறிப்பு நீரிழப்புக்கு வெப்பநிலை, ஈரப்பதம், வெயில், காற்று நான்கும் வேண்டும். வானிலை நிலையத்தில் காற்றை 10 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். குறிப்பு நீரிழப்பைக் கணக்கிடும் சூத்திரம் கேட்பது 2 மீட்டர் உயரத்துக் காற்றின் வேகம். 0.748-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் குணகம் திராட்சைத் தோட்டத்தில் பிறந்தது, சீமைக்கருவேலத்துக்கு உத்தேசம்தான். அதைவிடப் பெரிய சிக்கல், தண்ணீர் குறைந்ததும் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், ஆனால் இலை பச்சையாகவே இருக்கும். அப்போது இந்தக் கணக்கு இல்லாத நீரிழப்பைக் காட்டும். சரிபார்க்க லேண்ட்சாட் 8, 9 (அமெரிக்கச் செயற்கைக்கோள்கள்) படங்களின் வெப்பப் பட்டை உதவும்: நீராவிப்போக்கு நடக்கும் இலை குளிர்ந்திருக்கும், நின்றுபோனால் சூடேறும். ஆனால் அந்தப் பட்டையில் படத்தின் ஒரு கட்டம் (பிக்சல்) உண்மையில் 100 மீட்டர் அகலம். கரையோர மர வரிசை அதை நிரப்பாது. ஏரி நீரின் குளிர்ச்சியும் கலந்துவிடும். கரையை விட்டு விலகி, அடர்ந்த தோப்பாகத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எண்ணூர் அலையாத்திக் காட்டுக்கும் இதே கணக்கா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேண்டாம். ஓதம் (கடல்நீர் ஏற்றம்) ஏறியிருக்கும்போது எடுத்த படத்தில் மரத்தடி நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும். இலை உதிராமலே என்.டி.வி.ஐ. இறங்கும். பசுமை எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் என்றால், ஓதம் வற்றிய நாள் படங்களையே எடுங்கள்.