எண்ணெயில் மட்டும் ஏன் பாதி காணாமல் போகிறது?

கேள்வி: தக்காளி, கீரையில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்ப்பது எங்கள் ஆய்வகத்தில் நன்றாகவே வருகிறது. மாதிரியைக் கரைப்பானில் குலுக்கி மருந்தைப் பிரித்தெடுக்கும் அதே கெச்சர்ஸ் (QuEChERS) முறையில் எண்ணெயைச் சோதித்தால் சில மருந்துகள் பாதிகூடத் திரும்பக் கிடைப்பதில்லை. கருவியும் சீக்கிரம் அழுக்காகிறது. ஏன்?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை தேட வேண்டாம். 2003-இல் வெளிவந்த அந்த முறை, தண்ணீர் அதிகமாகவும் கொழுப்பு குறைவாகவும் உள்ள காய்கனிகளை மனதில் வைத்து உருவானது. அதில் பயன்படும் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் கொழுப்பை அதிகம் கரைக்காது. அது நல்லதுதான், ஆனால் டி.டி.டி., ஹெக்சாகுளோரோபென்சீன் மாதிரி கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும் மருந்துகளும் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன, நீங்கள் எவ்வளவு நேரம் குலுக்கினாலும் சரி. மாதிரியை 2, 3 கிராமாகக் குறைத்துப் பாருங்கள், கரைப்பானுக்கு எதிரே கொழுப்பு குறையும்போது மீட்பு, அதாவது திரும்பக் கிடைக்கும் மருந்தின் பங்கு, ஓரளவு ஏறும்.

அப்படியும் கொஞ்சம் கொழுப்பு சாற்றோடு, அதாவது பிரித்தெடுத்த கரைசலோடு, வந்துவிடும். மருந்துகளை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராபில் அது எளிதில் ஆவியாகாமல் லைனரிலும் (சாறு செலுத்தும் இடத்துக் கண்ணாடிக் குழாய்) பிரிக்கும் குழாயான காலத்தின் (column) முனையிலும் படிந்துவிடுகிறது, உங்கள் கருவி அழுக்காவது இதனால்தான். சாற்றை ஓர் இரவு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள், கொழுப்பில் பெரும்பகுதி உறைந்து கீழே படியும், குளிர் விடுவதற்குள் மேலே நிற்பதை எடுத்து, கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும் சி18 தூளால் சுத்தம் செய்யுங்கள். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால், மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் பெர்மியேஷன் இருக்கிறது. பெரிய கொழுப்பு மூலக்கூறுகள் முதலில் வெளியேறிவிடும், சிறிய மருந்து மூலக்கூறுகள் பின்னால் வரும். கரைப்பான் நிறையச் செலவாகும், நேரமும் பிடிக்கும். சிலர் அடர் கந்தக அமிலம் ஊற்றிக் கொழுப்பை எரித்துவிடுகிறார்கள். டி.டி.டி. அதைத் தாங்கும், டைல்ட்ரின், எண்ட்ரின் தாங்காது. பல மருந்துகளை ஒன்றாகத் தேடும் சோதனையில் அந்த வழிக்கே போகாதீர்கள்.

அப்புறம், அளவுத்திருத்தத்தை (தெரிந்த அளவு மருந்தை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பதை) வெறும் கரைப்பானில் செய்யாதீர்கள். மருந்து இல்லாத அதே வகை எண்ணெயின் சாற்றில் செய்யுங்கள், ஏனென்றால் மிச்சக் கொழுப்பு சமிக்ஞையைக் கூட்டியும் காட்டும், அமுக்கியும் காட்டும். ஹெக்சாகுளோரோபென்சீனுக்குக் கார்பன்-13 குறியிட்ட அதன் ஜோடியை (அதே மூலக்கூறு, கொஞ்சம் கனமான கார்பனோடு) தொடக்கத்திலேயே சேர்த்தால், வழியில் இழந்த பங்கு கணக்கில் சரியாகிவிடும். மீட்பு 70 முதல் 120 சதவீதம் வருவது வழக்கமான எதிர்பார்ப்பு. அதற்குக் கீழே வந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்தால் ஐரோப்பிய வழிகாட்டுதல் விதிவிலக்காக ஏற்றுக்கொள்கிறது. ஏறி இறங்கினால் மட்டும் 'கண்டறியப்படவில்லை' என்று தயவுசெய்து எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அந்தத் தாளை நம்பி ஒருவர் அந்த எண்ணெயைச் சாப்பிடப்போகிறார்.