மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பழைய ஃபால்ஸ் சீலிங்கை மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் வீட்டில் சீலிங் டைல்கள் மஞ்சளாகி, ஒன்றிரண்டு தொய்ந்தும் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாற்றும் எண்ணம் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் வரும். சரி, மாற்றுங்கள். ஆனால் புது டிசைன் தேடும் முன் பழையதை முழுவதும் இறக்கிவிட்டு, மேலே இருக்கும் கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

எங்கள் வீட்டை வாங்கும்போதே 600 மி.மீ. சதுர டைல் போட்ட சீலிங் இருந்தது. "இது அப்படியே இருக்கட்டும் சார், கீழேயே சட்டம் அடித்து ஜிப்சம் போர்டு ஏற்றிவிடலாம், தூசியே இருக்காது" என்றார் ஒப்பந்தக்காரர். வீட்டிலும் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. பழுப்பு விளிம்போடு வட்டக் கறை தெரிகிறது. அதை மூடவா காசு கொடுப்பது? அடம்பிடித்து இறக்க வைத்தேன்.

கறைக்கு நேர் மேலே தளம் சுத்தமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி, மாடித் தண்ணீர் இறங்கும் குழாயை ஒட்டி, பூச்சு உப்பியிருந்தது. தட்டினால் பொக்கைச் சத்தம். கொத்திப் பார்த்தால் உள்ளே துருவேறிய கம்பி. இரும்பு துருவானால் முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. மூடியிருந்தால் ஒருநாள் அந்தத் துண்டு புது ஜிப்சத்தின் மேல் விழுந்திருக்கும்.

மேலே ஏறிப் பார்த்தால் வாட்டமே சரியில்லை. மொட்டை மாடி மட்டமாக இருக்கக் கூடாது, குழாயை நோக்கி 100-க்கு 1 அளவாவது சரிவு வேண்டும். அதைச் சரிசெய்து, நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, குழாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகுதான் கீழே வேலை தொடங்கியது.

எல்லாக் கறையும் ஒழுக்குதான் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஏசியின் வடிநீரும் இதே கறையைத் தரும். குளிர் அதிகமான இடங்களில் தளத்தின் அடியில் படியும் ஈரமும் தரும். வெயிலுக்காகத்தான் சீலிங் என்றாலும் நான் சொல்வது இதுதான்: வெப்பத் தடுப்பைத் தளத்தின் மேலே போடுங்கள், கான்கிரீட்டே அவ்வளவாகச் சூடாகாது. கீழே தொங்கும் பலகை, சூடான தளத்திலிருந்து இறங்கும் வெப்பத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

கடைசியில் நான் மறுபடியும் டைல்தான் போட்டேன். ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். சந்தேகம் வந்தால் ஒரு டைலைத் தூக்கிப் பார்த்துவிடலாம். ஜிப்சமாக இருந்தால் அறுக்க வேண்டும். அதே சொந்தக்காரர்கள் வீட்டில் சீலிங் முழுக்கக் குழிவிளக்குகள், அத்தனையும் வெள்ளை வெளிச்சம். சாப்பிட உட்கார்ந்தால் ஆபரேஷனுக்குப் படுத்த மாதிரி இருக்கிறது. இரவில் மஞ்சள் விளக்குப் போட்டால் வீட்டுக்கு என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். பல பத்தாண்டுப் பழைய பலகை என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், விஷயம் தெரிந்தவரை வைத்துப் பரிசோதிக்கும்வரை இறக்கவோ உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம். அப்புறம், ஃபேனைத் தளத்தின் கொக்கியிலிருந்தே தொங்கவிடுங்கள். சீலிங் சட்டம் அந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல.